முதல் மூன்று நாள் சோறு: தென்பெண்ணை வெள்ளமும் நிவாரணப் பணத்தின் பாதையும்

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை 2.45 மணிக்குச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அணையின் மொத்தக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வறண்டு கிடக்கும் அணையைக்கூட அந்த வேகம் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும். அணைக்குக் கீழே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கெல்லையில் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது மணலூர்பேட்டை. தை மாதம் 5ஆம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது இங்கேதான். ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரமே கூடி நிற்கும் அந்த மணல்வெளி டிசம்பர் 2 காலையில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த வேகத்தில் போய்விடாமல் அங்கேயே தங்கி, பிறகு வலுவிழந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று உள்நாட்டுக்குள் நகர்ந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஊத்தங்கரைப் பக்கம் பெய்த மழை தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூருக்கு வந்தது. அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையில் சில மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் தொடங்கிக் கடலூர் வரை கரையோரக் குடியிருப்புகளுக்குள் ஆறு புகுந்தது.

அணை திறப்பு எச்சரிக்கை உரிய நேரத்தில் மக்களுக்குக் கிடைத்ததா என்ற வாதம் சட்டமன்றம் வரை போயிற்று. அது தேவையான வாதம். ஆனால் வெள்ளம் என்றாலே நாம் தண்ணீரைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். வீட்டை விட்டு வெளியேறிய குடும்பம் அன்று மதியம் எதைச் சாப்பிட்டது, மறுநாள் எதைச் சாப்பிட்டது, அந்தச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்விக்குள் நாம் போவதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பணத்தின் வழியைப் பின்தொடர்கிறது.

வீட்டுக்குள் ஆறு வந்தால்

வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் பாழாவது அரிசிதான். ரேஷனில் வாங்கிய இருபது கிலோ தரையோடு தரையாக மூட்டையில் இருக்கும். வண்டல் கலந்த ஆற்றுத் தண்ணீர் ஒரு முறை ஏறி இறங்கினால் அந்த அரிசியைக் களைந்தும் உலை வைக்க முடியாது. பருப்பு, மிளகாய், உப்பு, புளி எல்லாம் அதே கதி. அடுப்பின் பர்னரில் சேறு அடைத்திருக்கும். விறகு வைத்திருந்தால் அது ஊறிப் போயிருக்கும். குடும்ப அட்டையும் ஆதார் அட்டையும் பீரோவின் அடித்தட்டில் இருந்திருந்தால் அவையும் நனைந்திருக்கும்.

சேமிப்பில் இருந்த சோறு இப்படிப் போகிறது. அன்றன்று சம்பாதிக்கும் சோறும் அதே நாளில் நின்றுவிடுகிறது. நெல்வயலும் கரும்புத் தோட்டமும் தண்ணீரில் நிற்கும்போது கூலி வேலை கிடையாது. நூறு நாள் வேலை நடக்காது. பெட்டிக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் குறைந்தது ஒரு வார வருமானம் இல்லை. மகளிர் குழுக் கடனின் தவணையோ நிற்காது. அந்த நாட்களில் குடும்பங்கள் மூன்று வழிகளில்தான் சமாளிக்கின்றன: மேட்டுத் தெருவில் இருக்கும் உறவினர் வீட்டு அடுப்பு, மளிகைக் கடையில் கடன் கணக்கு, கழுத்திலோ காதிலோ இருக்கும் நகை. வெள்ளத்தின் முதல் நிவாரண நிதியை ஏழைகள் தங்கள் கையிலிருந்தே போடுகிறார்கள். அரசுக் கணக்கில் அந்தத் தொகை ஒருபோதும் ஏறுவதில்லை.

பணம் எங்கே இருக்கிறது

இந்தியாவில் பேரிடர் நிவாரணத்துக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாநில அளவில் ஒரு நிதியையும் தேசிய அளவில் ஒரு நிதியையும் ஏற்படுத்தியது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் போடுகின்றன. தமிழ்நாட்டுக்கு 2024–25ஆம் ஆண்டுக்கான மத்தியப் பங்கு 944.80 கோடி ரூபாய். மாநிலப் பங்கையும் சேர்த்தால் நிதி ஏறக்குறைய 1,260 கோடி. 15ஆவது நிதிக்குழு வகுத்தபடி இதில் பாதி, சுமார் 630 கோடி, மீட்புக்கும் உடனடி நிவாரணத்துக்கும் உரியது. மீதி மறுசீரமைப்புக்கும் முன்தயாரிப்புக்கும் போகிறது.

நிவாரணத்தின் தரத்தையும் சட்டம் சொல்கிறது. அதன் 12ஆம் பிரிவு தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கட்டளையிடுகிறது. அதன்படி முகாமில் இருக்கும் பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும் குழந்தைக்கு 1,700 கலோரியும் கிடைக்க வேண்டும். அவசரக் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி கோராமல் பொருள் வாங்க 50ஆம் பிரிவு இடம் தருகிறது. மாவட்ட ஆட்சியர் முன் ஒப்புதலுக்குக் காத்திராமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க, தமிழ்நாட்டில் கருவூல விதி 27 நெடுங்காலமாக உதவிவருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 48ஆம் பிரிவு. மாநிலத்துக்கு ஒரு நிதி இருப்பதைப் போலவே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் நிவாரண நிதி வேண்டும் என்று அது சொல்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பல மாநிலங்களில் இந்த மாவட்ட நிதி சட்டப் புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை. பணம் தலைநகரத்தில் இருக்கிறது. பசி ஆற்றங்கரையில் இருக்கிறது. இடையில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர், வருவாய் நிர்வாக ஆணையர், நிதித்துறை என்று நீண்ட படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் இருப்பவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் நாட்கள் ஓடிவிடும்.

நாள்காட்டி சொல்வது

ஃபெஞ்சல் நாட்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். டிசம்பர் 2 அதிகாலை வெள்ளம். அன்றே முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதி, இடைக்கால உதவியாக 2,000 கோடி ரூபாய் கேட்டார். டிசம்பர் 3ஆம் தேதி விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டையின் அடிப்படையில் தலா 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதே நாளில் விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில், உணவும் குடிநீரும் வந்து சேரவில்லை என்று மக்கள் தேசிய நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி மத்திய அரசு 944.80 கோடியை விடுவித்தது. மேலே சொன்ன ஆண்டுப் பங்கின் இரண்டு தவணைகள்தான் அவை. புயல் வராவிட்டாலும் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பணம் அது. மொத்தச் சேதத்துக்கு மாநிலம் கேட்டது 6,675 கோடி. தேசிய நிதியிலிருந்து கூடுதல் உதவியாக 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரல் 5ஆம் தேதி. அதுவும் மாநில நிதியின் தொடக்க இருப்பில் பாதியைக் கழித்துக்கொள்ளும் நிபந்தனையோடு.

மாநிலம் கேட்ட தொகையில் சாலை, பாலம், மின்கம்பம், பயிர் எல்லாம் அடங்கும். ஆகவே கேட்டதையும் கிடைத்ததையும் நேருக்கு நேர் வைத்து உணவைப் பற்றி முடிவு கட்டுவது சரியாகாது. ஆனால் காலக்கணக்கு தெளிவாக இருக்கிறது. தேசிய நிதியின் ஒப்புதல் வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் ஆற்றுத் திருவிழா முடிந்து, கோடையே வந்துவிட்டது. உணவு என்ற தேவைக்கு அந்த நிதி எந்த வகையிலும் பொருந்தாது. ஏற்கெனவே செலவழித்ததை ஈடுகட்ட மட்டுமே அது உதவும்.

மாநில அரசின் கைப்பணமும் சில நேரம் தாமதமாகவே வருகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 6,000 ரூபாய் வழங்கும் பணி டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கியது. அட்டைப் பட்டியல், டோக்கன், ரேஷன் கடை வரிசை என்று ஏற்பாடுகள் முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது. தலைநகரத்திலேயே அவ்வளவு நாள் என்றால், சாலை துண்டிக்கப்பட்ட கரையோரக் கிராமத்தின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கணக்கில் 2,000?

தொகையிலும் ஒரு நெறி இல்லை. 2015 வெள்ளத்தில் சென்னையில் 5,000 ரூபாய். 2023இல் சென்னையில் 6,000. அதே மாதம் தென்மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கு 6,000, மற்றவற்றுக்கு 1,000. ஃபெஞ்சலில் புதுச்சேரி அரசு எல்லாக் குடும்ப அட்டைகளுக்கும் 5,000 அறிவித்தது. அதே புயல், அதே மழை, எல்லைக்கு இந்தப் பக்கம் 2,000.

மாநில அரசின் நிதி நெருக்கடி உண்மையானது. ஐந்து லட்சம் குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் 100 கோடி. 6,000 என்றால் 300 கோடி. ஆண்டு முழுவதும் எல்லாப் பேரிடருக்குமாகச் சேர்த்து 630 கோடி இருக்கும் இடத்தில் இது சிறிய தொகை ஆகாது. அதோடு மத்திய நெறிமுறைப் பட்டியலில் அட்டைக்கு இவ்வளவு என்ற இனமே கிடையாது. இப்படிக் கொடுக்கும் பணத்தின் சுமை பெரும்பாலும் மாநிலத்தின் தலையில்தான் விழுகிறது.

ஆனால் 2,000 ரூபாய் எத்தனை நாள் சோறு? 2015–20 காலத்து மத்திய நெறிமுறை, வாழ்வாதாரம் இழந்து முகாமுக்கு வெளியே இருக்கும் குடும்பத்துக்கு நாளொன்றுக்குப் பெரியவருக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் என்று வைத்திருந்தது. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு 210 ரூபாய். அந்தப் பழைய கணக்கிலேயே 2,000 ரூபாய் பத்து நாளைக்கு வராது. 2024–25இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். இருவர் கூலியை அளவாக எடுத்தால் 2,000 ரூபாய் மூன்று நாள் வருமானம்.

அதே 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவு நடந்தது. கேரள அரசு, உடனடி உதவியாகக் குடும்பத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்ததோடு, வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களில் பெரியவர்கள் இருவருக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் முப்பது நாளைக்குக் கொடுக்க முடிவு செய்தது. இரண்டு பேருக்கு 18,000 ரூபாய். அங்கே எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் சில ஊர்களுக்குள் இருந்தன. இங்கே பாதிப்பு பல மாவட்டங்களில் பரவிக் கிடந்தது. இரண்டையும் தொகைக்குத் தொகை சமமாக்கச் சொல்லவில்லை. கேரளம் எடுத்த அளவுகோலைத்தான் கவனிக்க வேண்டும்: ஒரு நாள், ஓர் ஆள், இத்தனை நாள். அந்த அளவுகோலில் குடும்பம் தனக்கு எவ்வளவு வரும், எதுவரை வரும் என்று கணக்குப் போட முடியும். அட்டைக்கு ஒரு தொகை என்று ஒரே வீச்சில் அறிவிக்கும்போது, அந்தத் தொகை பசியின் அளவை விட்டு அந்த நேரத்து நிதிநிலையையும் அரசியல் அழுத்தத்தையும் சார்ந்துவிடுகிறது.

முகாமுக்கு வெளியே இருப்பவர்கள்

முகாமில் இருப்பவருக்குச் சோறு போடச் சட்டமும் நெறிமுறையும் வழி வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கவைத்து, பொங்கலோ சாம்பார் சாதமோ சமைத்துப் போட்டு, ஆள் கணக்கெடுத்துச் செலவை எழுதலாம். ஆனால் தென்பெண்ணைக் கரையில் வெளியேறியவர்களில் பலர் முகாமுக்குப் போவதில்லை. வயதுவந்த பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு, ஆடு மாடு இருக்கும் வீடு, படுக்கையில் முதியவர் இருக்கும் வீடு உறவினர் வீட்டையே தேடும். நான்கு பேருக்குச் சமைத்த அடுப்பு ஒன்பது பேருக்குச் சமைக்கத் தொடங்கும். இந்தக் குடும்பங்கள் எந்த முகாம் பதிவேட்டிலும் இருக்காது. அவர்களுக்கு இடம் கொடுத்த வீடு வெள்ளம் படாத தெருவில் இருப்பதால் அதற்கும் எதுவும் கிடைக்காது.

தனியார் உதவியும் இவர்களைத் தவறவிடுகிறது. கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கட்சிகளும் ரசிகர் மன்றங்களும் இளைஞர் குழுக்களும் ஒவ்வொரு வெள்ளத்திலும் மனமுவந்து சமைத்து எடுத்துவருகிறார்கள். அந்த மனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வண்டியோ நெடுஞ்சாலை போகும் இடம் வரைதான் போகும். சாலையோர ஊருக்கு ஒரே மதியம் நான்கு வண்டி புளிசாதம் வந்து மீந்துபோக, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குடியிருப்புக்கு ஒரு பொட்டலமும் சேராமல் போவது நிவாரணப் பணியில் இருந்த எவருக்கும் தெரிந்த உண்மை. நான்காம் நாளுக்குப் பிறகு வண்டிகள் குறைந்துவிடும். வேலை திரும்பாத வீடுகளின் பசி அப்போதுதான் கடுமையாகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக் குடும்பங்களின் சிக்கல் வேறு. அங்கே ஆறு வீட்டுக்குள் வருவதைவிட, மண் சரிந்து பாதை அடைபடுவதே ஆபத்து. வீடு நின்றிருந்தாலும் அரிசி வரும் வழி அற்றுப்போகும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போய்த் தங்கும் குடும்பத்துக்கு, பேரிடர் நேரத்தில் தன் அட்டை எந்த ஊரில் செல்லும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. பேரிடர் நாட்களில் அதை முழுமையாகப் பயன்படுத்தும் திட்டம்தான் வேண்டும்.

இந்த மண்ணின் பழைய பாடம்

பசிக்கும் நிதிக்கும் இடையிலான வழக்கு இந்த வட்டாரத்தில் புதிதில்லை. அன்றைய தென்னார்க்காடு உள்ளிட்ட சென்னை மாகாணத்தை 1876–78 தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் உழைப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்கிட்டார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அது உடல் உழைப்பவனை மெல்லக் கொல்லும் அளவு என்று எதிர்த்து வாதாடினார். ஒரு பவுண்டு அரிசி தருவது சுமார் 1,600 கலோரி. இன்றைய குறைந்தபட்ச அளவில் அது மூன்றில் இரண்டு பங்கு. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து விடுத்த வேண்டுகோளை ஏற்று லண்டன் மேயரின் மாளிகையில் தொடங்கிய நிதியில் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பெரிய தொகைதான். ஆனால் அது சேரத் தொடங்கும் முன்பே லட்சக்கணக்கானோர் இறந்துபோயிருந்தார்கள்.

அந்தப் பஞ்சம் வருவதற்குக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் முன்பே, 1867 மே 23ஆம் தேதி, அதே மாவட்டத்தின் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியிருந்தார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். பசித்தவர் வரும்போது வசூல் செய்யாமல், அவர் வருமுன்பே நிலமும் தானியமும் அடுப்பும் ஆளும் ஏற்பாடாகி இருந்தன. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. அறச்செயலாக மட்டுமே நாம் போற்றும் தருமச்சாலை, நிதி ஏற்பாட்டிலும் ஒரு முன்மாதிரி. லண்டன் நிதியின் பெருந்தொகையால் முடியாததை வடலூரின் சிறு ஏற்பாடு செய்ததற்குக் காரணம் அதன் முன்னேற்பாடு.

நிரந்தரப் பணமும் நன்கொடைப் பணமும்

இடம்பெயர்ந்தோருக்கு நிலையான உணவு உதவி தர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நூற்றுக்கும் அதிகமான முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மாதாந்தரப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று மாநில அரசு உயர்த்தியது. அரிசியும் தனியே உண்டு. இந்தத் தொகை போதாது என்று வாதிடலாம். குடியுரிமை பற்றிய கேள்விகள் இன்னும் பெரியவை. ஆனால் மாதம் பிறந்தால் என்ன வரும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த விதி அது.

உலக உணவுத் திட்டத்தின் நிலை இதற்கு எதிர்ப்பக்கம். ஐ.நா.வின் அந்த அமைப்பு முழுக்க முழுக்க நாடுகளும் தனியாரும் விரும்பிக் கொடுக்கும் பணத்தில் இயங்குகிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்கு மாதம் ஆளுக்கு 12 டாலராக இருந்த உணவுப்படி 2023 மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் வெட்டப்பட்டது. பிறகுதான் படிப்படியாக உயர்ந்தது. பசி குறைந்ததால் வெட்டவில்லை, நன்கொடை குறைந்ததால் வெட்டினார்கள். 2025இல் தன் வருவாய் முந்தைய ஆண்டைவிட 40 விழுக்காடு குறையும் என்று அந்த அமைப்பே அறிவித்தது.

அதே அமைப்பு அதே வங்கதேசத்தில் நமக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றைச் செய்து காட்டியது. 2020 ஜூலையில் ஜமுனை ஆற்றில் பெருவெள்ளம் வரும் என்ற முன்னறிவிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 4,500 டாக்கா கைபேசி வழியாக அனுப்பப்பட்டது. பிறகு நடந்த ஆய்வில், பணம் பெற்ற வீடுகள் வெள்ள நாட்களில் முழுப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு பெறாதவர்களைவிட 36 விழுக்காடு குறைவாக இருந்தது. முன்கூட்டி வந்த பணத்தில் மக்கள் முதலில் வாங்கிவைத்தது உணவைத்தான்.

கன அடியே கட்டளையாக

மணலூர்பேட்டைக்கு இந்த முறை எளிதில் பொருந்தும். அங்கே ஆறு எந்த நேரத்தில் எவ்வளவு ஏறும் என்பது பெருமளவு சாத்தனூர் அணையின் திறப்பைப் பொறுத்தது. அந்த எண் மணிக்கு மணி பதிவாகிறது. நீர்வளத்துறைப் பொறியாளர்கள் ஒரு கன அடி அளவைக் குறிக்கட்டும். திறப்பு அதைத் தாண்டியதும் யார் கையெழுத்துக்கும் காத்திராமல் பணம் நகர வேண்டும். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலாவது, 48ஆம் பிரிவு சொல்லும் மாவட்ட நிதி. அதில் உணவுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, வட்டாட்சியர் அளவில் முன்பணமாக வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வைக்க வேண்டும். செலவானால் மாநில நிதி அதைக் குறித்த நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

இரண்டாவது, பட்டியல். தாழ்வான தெருக்கள் எவை என்பது ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். அந்தக் குடும்ப அட்டைகளைச் செப்டம்பரிலேயே சரிபார்த்து, பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். விடுபட்டவர் அப்போதே கேட்கட்டும். வெள்ளம் வந்த பிறகு பெயர் சேர்க்கச் சண்டை போட வேண்டியிருக்காது.

மூன்றாவது, வழி. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை போய்ச் சேர்கிறது. அதே கணக்கில் வெள்ளப்படியையும் அதே இரவில் செலுத்த முடியும். அந்தத் திட்டத்தில் இல்லாத வீடுகளுக்கு மட்டும் ரேஷன் கடை வழி போதும்; வரிசை பாதியாகக் குறையும். உறவினர் வீட்டில் தங்கியவர்கள் அங்குள்ள கடையிலேயே பதிவு செய்து வாங்கட்டும்.

நான்காவது, அடுப்பு. ஒவ்வொரு ஊரிலும் சத்துணவு மையம் இருக்கிறது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர், பெரிய பாத்திரங்கள், அரிசி இருப்பு எல்லாம் அங்கே உண்டு. மேட்டில் இருக்கும் மையங்களைத் தேர்ந்து, எச்சரிக்கை வந்த நாளிலிருந்து ஊருக்கே சமைக்க அதிகாரமும் முன்பணமும் அந்தப் பணியாளர்களுக்கு மிகைநேரக் கூலியும் கொடுக்க வேண்டும். கல்வராயன் மலையில் மழைக்காலத்துக்கு முன்பே கடைகளில் கூடுதல் அரிசி இறக்கிவைக்க வேண்டும்.

ஐந்தாவது, அளவு. ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு, இத்தனை நாளுக்கு என்ற விதியை அரசாணையாக எழுதிவிட வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் அது உயரட்டும். சென்னைக்கு ஒன்று, மணலூர்பேட்டைக்கு ஒன்று என்ற நிலை போக வேண்டும்.

வெள்ளம் வராமலே பணம் போய்விட்டால் வீண் இல்லையா என்று கேட்பார்கள். அணை திறந்து ஊர் தப்பித்த ஆண்டிலும் அந்த வீடுகள் பொருளை மேட்டுக்கு ஏற்றியிருக்கும், ஒரு நாள் கூலியை இழந்திருக்கும், பிள்ளைகளோடு இரவெல்லாம் விழித்திருக்கும். அவர்கள் வீட்டில் அரிசியாக மாறிய பணம் வீணாகாது. முறைகேடு நடக்காதா என்றும் கேட்பார்கள். சுவரில் ஒட்டிய பட்டியலும் வெள்ளத்துக்குப் பிறகு பேரூராட்சியின் பகுதி சபையில் வாசிக்கப்படும் செலவுக் கணக்கும் அதற்குத் தடை. அவசரத்தில் கண்டபடி கொடுக்கும் இன்றைய முறையைவிட இதில் கண்காணிப்பு அதிகம்.

உதவ நினைக்கும் தனியாருக்கும் ஒரு வேண்டுகோள். சமைத்த உணவை முதல் இரண்டு நாளைக்கு உள்ளூர் அடுப்புகளுக்கு விட்டுவிடுங்கள். உங்கள் பணத்தை நான்காம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரைக்குமாக வையுங்கள். எந்தக் குடியிருப்புக்கு யாரும் போகவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அங்கே போங்கள். மளிகைக் கடையில் ஏறிய கடனை அடைத்துக் கொடுப்பதும் உணவு உதவிதான்.

ஃபெஞ்சல் போன்ற மழை இன்னொரு முறை வராது என்று இனி எவரும் உறுதி சொல்ல முடியாது. தென்பெண்ணையின் கரையில் வாழ்பவர்கள் நிவாரணத்தைத் தயவாகப் பெறவில்லை. 2005ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த குறைந்தபட்ச உரிமை அது. பணம் இருக்கிறது, அரிசி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, அணையின் எண்ணும் இருக்கிறது. இவற்றை இணைக்கும் ஓர் அரசாணைதான் இல்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அதைப் பிறப்பிக்க வேண்டியது அரசின் கடமை. மணலூர்பேட்டையிலும் திருக்கோவிலூரிலும் கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் அதைக் கேட்டுத் தீர்மானம் போட வேண்டியது நம் கடமை.